'ராஜி' இரண்டாம் பாகம்: ரசிகர்கள் கேட்பது என்ன? 'பெருசு வேண்டாம்... முழுசு வேணும்!'

பழவேற்காடு ஏரிக்கரைக்கு மதியத்துக்கு மேல போனா ஒரு காட்சியைப் பார்க்கலாம். காலையில் தொழிலுக்குப் போய்வந்த படகுகள் கரையோரம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஸ்கூல் விட்டு வந்த பசங்க ஒரு படகின் அணியத்தில் ஏறி, அடுத்த படகுக்குத் தாவி, குவித்து வைத்த வலையை மிதிக்காமல் தாண்டி, அதற்கடுத்த படகில் போய் நிற்பார்கள். தண்ணியில கால் பட்டா அவுட். படகு ஆடும், பலகை வழுக்கும், இடைவெளி ஒவ்வொரு தடவையும் மாறும். ஆனாலும் ஓட்டம் நிற்காது.

இதையே முறைப்படி பழகினால் அதற்குப் பேர் 'பார்க்கூர்'. இதை வைத்து உருவான வீடியோ கேம்களுக்கு உலகம் முழுக்க ஒரு தனி ரசிகர் கூட்டம் உண்டு. அந்த வரிசையில் இந்தியாவிலேயே உருவாகி, உலக அளவில் பேசப்பட்ட கேம் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. 2020-ல் வெளியான இந்த கேமின் அடுத்த பாகம் 'ராஜி: கலியுகா' என்ற பெயரில் 2025-ல் அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்ததும் ஒரு கேள்வியும் கூடவே வந்தது. முதல் பாகத்தில் விட்டதை இதில் பிடிப்பார்களா? ரசிகர்கள் அப்படி என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், பார்க்கூர்னா என்ன?

எதிரில் இருப்பது சுவரோ, கம்பியோ, மாடிப்படியோ, எதையும் தடையாக நினைக்காமல், வேகம் குறையாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதுதான் பார்க்கூர். ஓடுவது, தாவுவது, ஏறுவது, தொங்குவது, உருண்டு இறங்குவது எல்லாமே இதில் அடக்கம்.

இதன் வேர் பிரான்ஸில் இருக்கிறது. ஜார்ஜ் எபேர் என்ற கடற்படை அதிகாரி, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'இயற்கை முறை' என்ற பெயரில் ஒரு உடற்பயிற்சி முறையை உருவாக்கினார். ரேமோன் பெல் என்ற தீயணைப்பு வீரர் இந்த வழியில் பழகியவர். அவருடைய மகன் டேவிட் பெல், பாரிஸ் அருகே உள்ள லீஸ் என்ற புறநகரில் நண்பர்களோடு சேர்ந்து இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டு வந்தார். 'டிஸ்ட்ரிக்ட் 13' என்ற 2004-ம் ஆண்டு பிரெஞ்சுப் படத்தில் மாடி விட்டு மாடி தாவுகிறவர் அவர்தான்.

வீடியோ கேமில் இந்தக் கதை இன்னும் பழசு. 1989-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்தார். அதைப் பார்த்துத்தான் கேமில் வரும் இளவரசனின் அசைவுகளை வரைந்தார். பிறகு 2003-ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்', 2007-ல் 'அசாசின்ஸ் க்ரீட்', 2008-ல் 'மிரர்ஸ் எட்ஜ்', 2015-ல் 'டையிங் லைட்' என்று வரிசையாக வந்தன.

'ராஜி' என்ன கதை?

ராஜி ஒரு சர்க்கஸ் பெண். அவளுக்கு கோலு என்று ஒரு தம்பி. இருவருக்கும் அப்பா, அம்மா கிடையாது. ரக்ஷா பந்தன் திருவிழா அன்று மகாபலாசுரனின் அசுரப் படை ஊருக்குள் புகுந்து குழந்தைகளைத் தூக்கிப் போகிறது. அதில் கோலுவும் போய்விடுகிறான். தம்பியைத் தேடி அக்கா கிளம்புகிறாள். துர்கை அவளுக்குத் திரிசூலம் கொடுத்துத் துணை நிற்கிறாள். துர்கையும் விஷ்ணுவும் பேசிக்கொள்வது போலவே கதை நகரும்.

ராஜி சர்க்கஸில் வளர்ந்தவள் என்பதால் சுவரில் ஓடுவாள், தூணைச் சுற்றிச் சுழன்று அடிப்பாள், கம்பத்தில் ஊஞ்சலாடி அடுத்த மாடத்துக்குத் தாவுவாள். அரண்மனைகள் ராஜஸ்தான் பாணி. ஓவியம் பஹாடி பாணி. இடையிடையே வரும் கதைக் காட்சிகள் நிழல் பொம்மலாட்டம் போல இருக்கும். நம்ம ஊர் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும்.

இது எப்படி உருவானது?

புனேவைச் சேர்ந்த 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்ற சிறிய நிறுவனம்தான் இதை உருவாக்கியது. 2017-ல் 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டிப் பார்த்தார்கள். இலக்கை எட்ட முடியவில்லை. நிறுவனர்களில் ஒருவரான ஷ்ருதி கோஷ் தன் வீட்டை விற்று வேலையைத் தொடர வைத்தார். பிறகுதான் வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் ஆதரவு கிடைத்தது.

2020 ஆகஸ்ட் 18-ல் முதலில் 'நிண்டெண்டோ ஸ்விட்ச்' கருவிக்கும், அக்டோபர் 15-ல் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும் ராஜி வந்தது. அதே வருடம் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக கேம் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. விருது வேறு கேமுக்குப் போனாலும், ஒரு இந்திய கேம் அந்த மேடை வரை போனதே பெரிய விஷயமாகப் பேசப்பட்டது.

2022-ல் 'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்ற பெயரில் மெருகேற்றிய பதிப்பு வந்தது. அதில் இந்திக் குரலும் சேர்ந்தது. நெட்ஃபிளிக்ஸ் கேம்ஸ் வழியாகப் போனுக்கும் ராஜி வந்தது.

அப்போ முதல் பாகத்தில் என்ன குறை?

அழகைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. விமர்சகர்களும் ரசிகர்களும் திரும்பத் திரும்பச் சொன்னவை வேறு.

- சுமார் ஐந்து மணி நேரத்தில் கேம் முடிந்துவிடுகிறது.
- கதை சட்டென்று நின்றுவிடுகிறது. 'இவ்ளோதானா?' என்று கேட்க வைக்கும் முடிவு.
- கேமரா நம் கையில் இல்லை. அது காட்டும் கோணத்தில்தான் பார்க்க வேண்டும்.
- சில இடங்களில் பட்டனை அழுத்துவதற்கும் ராஜி அசைவதற்கும் ஒத்துப்போகவில்லை. சண்டையில் இது இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

இரண்டாம் பாகத்துக்கான எதிர்பார்ப்பெல்லாம் இந்த நான்கிலிருந்துதான் பிறக்கிறது.

எதிர்பார்ப்பு 1: கதையை முடிங்க

ரசிகர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அக்கா-தம்பி கதையில் ஐந்து மணி நேரம் கூடவே ஓடி வந்தவர்களுக்கு ஒரு முடிவு வேண்டும்.

இதில் ஒரு பழைய காயமும் உண்டு. 'மிரர்ஸ் எட்ஜ்' கேமை 2008-ல் விளையாடியவர்கள் அடுத்த பாகத்துக்கு எட்டு வருடம் காத்திருந்தார்கள். 2016-ல் வந்த 'மிரர்ஸ் எட்ஜ் கேட்டலிஸ்ட்' அந்தக் கதையைத் தொடரவில்லை. அதே நாயகி ஃபெய்த்தை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தது. தொடர்ச்சியைக் கேட்டவர்களுக்கு மறுதொடக்கம்தான் கிடைத்தது. ராஜிக்கும் அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் இங்கே பயம்.

எதிர்பார்ப்பு 2: அழுத்தினா தாவணும்

பார்க்கூர் கேமின் உயிர் இதுதான். படகு விட்டுப் படகு தாவுகிற பையனுக்கு மூளை சொன்ன நொடியில் கால் எழும். கேமில் மூளைக்கும் காலுக்கும் நடுவே பட்டன், கருவி, திரை என்று மூன்று இருக்கிறது. அந்தத் தாமதம் தெரியாத மாதிரி செய்வதுதான் உருவாக்குபவர்களின் திறமை.

இதற்குச் சில உத்திகள் உண்டு.

'கொயோட்டி டைம்': பழைய கார்ட்டூனில் ஓநாய் ஒன்று மலை விளிம்பைத் தாண்டியும் காற்றில் ஓடும். கீழே பார்த்த பிறகுதான் விழும். ஞாபகம் இருக்கா? அதன் பெயர்தான் இதற்கு. கால் விளிம்பைத் தாண்டிய பிறகும், நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, 'தாவு' என்ற கட்டளையை கேம் ஏற்றுக்கொள்ளும். நாம் லேட்டாக அழுத்தியதே நமக்குத் தெரியாது.

'இன்புட் பஃபர்': இது அதற்கு நேர் எதிர். கால் தரையைத் தொடும் முன்பே அவசரப்பட்டு அழுத்திவிட்டால், கேம் அதை நினைவில் வைத்துக்கொண்டு கால் பட்டதும் தாவ வைக்கும்.

'ஃபிரேம் ரேட்': நொடிக்கு 30 படங்கள் ஓடினால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுமார் 33 மில்லி நொடி. 60 படங்கள் என்றால் சுமார் 17 மில்லி நொடி. பார்க்கூர் ரசிகர்கள் '60 வேணும்' என்று அடம்பிடிப்பது வெறும் அழகுக்காக இல்லை. கை சொன்னதைத் திரை சீக்கிரம் காட்ட வேண்டும் என்பதற்காக.

ராஜியின் அசைவுகள் பார்க்க நடனம் மாதிரி இருந்தன. சிக்கலும் அங்கேதான். அழகான அசைவு முடியும் வரை அடுத்த கட்டளை காத்திருந்தால் ஓட்டம் தடைபடும். அசைவும் அழகாக இருக்கணும், நடுவிலேயே வெட்டவும் முடியணும். கேட்பது சுலபம், செய்வது கஷ்டம்.

எதிர்பார்ப்பு 3: கேமராவை எங்க கையில கொடுங்க

நிலையான கேமரா வைத்தால் ஒரு லாபம் உண்டு. ஒவ்வொரு காட்சியையும் ஓவியம் மாதிரி அமைக்கலாம். முதல் பாகத்தின் அரண்மனைகள் அவ்வளவு அழகாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நஷ்டம், தூரம் தெரியாது. கரையில் நிற்கும் பையனுக்கு இரண்டு கண் இருக்கிறது, தலையைத் திருப்பலாம், படகு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று உடனே தெரியும். திரை தட்டையானது. கோணமும் பூட்டியிருந்தால் எதிரில் உள்ள மாடம் இரண்டடி தள்ளியா, நாலடி தள்ளியா என்று ஊகிக்கத்தான் வேண்டும். தப்பாக ஊகித்தால் கீழே விழுவோம். அது நம் தப்பு இல்லை என்பதால் எரிச்சல்தான் வரும்.

'மிரர்ஸ் எட்ஜ்' இதற்கு ஒரு எளிய வழி காட்டியது. வெள்ளை வெளேரென்ற நகரத்தில், தாவ வேண்டிய பலகை, பிடிக்க வேண்டிய குழாய் மட்டும் சிவப்பாகத் தெரியும். கண் சிவப்பைப் பார்க்கும், கால் ஓடும். ராஜியின் வண்ணமயமான உலகத்தில் அப்படி ஒரே நிறத்தை வைக்க முடியாது. ஆனால் விளக்கு, தோரணம், கொடி என்று வழிகாட்ட நம் கட்டடங்களிலேயே நிறைய இருக்கிறது.

எதிர்பார்ப்பு 4: அடிப்படையைப் பூட்டாதீங்க

இதுவும் 'கேட்டலிஸ்ட்' சொல்லித் தந்த பாடம். அந்த கேமில் சட்டென்று திரும்புவது, விழும்போது உருண்டு இறங்குவது போன்ற அசைவுகளையே புள்ளிகள் சேர்த்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. ஃபெய்த் ஏற்கனவே நகரத்தின் தேர்ந்த ஓட்டக்காரி. அவளுக்கே உருளத் தெரியாதா என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

ராஜியும் அப்படித்தான். முதல் பாகம் முழுக்கச் சுவரில் ஓடியவள், இரண்டாம் பாகத்தில் அதை மறந்துவிட்டு மறுபடி கற்றுக்கொண்டால் யார் நம்புவார்கள்? புதுசா சேர்க்கலாம். இருந்ததைப் பிடுங்கக் கூடாது.

எதிர்பார்ப்பு 5: முகத்தை மாத்தாதீங்க

2003-ல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஒரு தேவதைக் கதை மாதிரி இருந்தது. அடுத்த வருடமே வந்த 'வாரியர் விதின்' ஒரேயடியாக இருட்டுக்குப் போனது. இரத்தம், கோபம், ஹெவி மெட்டல் இசை. சண்டை முன்னேறியது உண்மை. ஆனால் 'இது நம்ம இளவரசன் இல்லையே' என்று ரசிகர்களில் ஒரு பகுதியினர் விலகிப்போனார்கள்.

'கலியுகா' என்ற பெயரே இருண்ட காலத்தைத்தான் சொல்கிறது. கதை இருட்டாகலாம், தப்பில்லை. அந்த ஓவிய நிறமும், பொம்மலாட்டமும், அக்கா-தம்பி பாசமும் இருட்டிலும் தொலையக் கூடாது என்பதுதான் கேட்பவர்களின் பயம்.

எதிர்பார்ப்பு 6: தெற்குப் பக்கமும் கொஞ்சம் வாங்க

முதல் பாகத்தின் கற்பனை பெரும்பாலும் வடக்கே நின்றது. தெற்கில் பார்க்கூருக்கு இடமா இல்லை?

பழவேற்காட்டையே எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் பரந்து கிடக்கும் இந்த உப்பங்கழி, இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இன்று மிச்சம் இருப்பது மேடும் சிதைவும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் நிற்கின்றன. பக்கத்திலேயே பழைய பள்ளிவாசல், படகுத் துறை, காயப்போட்ட வலைகள், பனை மரங்கள். ஒரு கேம் வடிவமைப்பாளர் கையில் இது கிடைத்தால் விடுவாரா? ஆடும் படகு, வற்றும் நீர், மணல் மூடித் திறக்கும் முகத்துவாரம். அரண்மனைச் சுவர் அசையாது. இங்கே ஓடுகிற தரையே அசையும். பார்க்கூர் கேமுக்கு இது புதுசு.

(ஒரு வார்த்தை: இது கேமுக்கு. நேரில் போகிறவர்கள் கல்லறை, கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஏறிக் குதிக்க வேண்டாம். முறையான பயிற்சி இல்லாமல் மாடி விட்டு மாடி தாவவும் வேண்டாம்.)

தமிழ் வாழ்க்கையை வைத்து எடுத்தால் உலகம் பார்க்குமா என்ற கேள்விக்கு ஏற்கனவே பதில் வந்துவிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து உருவான 'வெண்பா' 2023-ல் வெளியானது. அடுத்த வருடமே பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. இட்லியும் புட்டும் உலகத்துக்குப் போகும் என்றால், படகும் வலையும் போகாதா?

எதிர்பார்ப்பு 7: போனுக்கும், தமிழுக்கும்

இதுதான் நம்ம பக்கத்தில் அதிகம் கேட்கிற கேள்வி. 'கலியுகா' கம்ப்யூட்டருக்கும், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகளுக்கும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் அறிமுகமானபோது அதன் விலை 49,990 ரூபாய். மீன் கிடைத்தால் வருமானம், கிடைக்காவிட்டால் கடன் என்று ஓடுகிற ஒரு மீனவக் குடும்பத்தில் அது கேம் ஆட வாங்கும் பொருள் இல்லை. அந்தக் காசுக்கு வலை வாங்கலாம், என்ஜின் வேலை பார்க்கலாம்.

வீட்டில் இருப்பது ஒரு போன். ஏரியில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிக்கும் 'பாடு' வழக்கம் பழவேற்காட்டுக் கிராமங்களில் உண்டு. வீட்டுப் போனில் விளையாடுவதற்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். அண்ணனுக்கு ஒரு பாடு, தம்பிக்கு ஒரு பாடு.

அதனால் கேட்பது இவ்வளவுதான்.

- கொஞ்ச மாதம் கழிச்சாவது போனுக்கு ஒரு பதிப்பு.
- நடுத்தர விலைப் போனிலும் ஓடும்படி குறைந்த கிராபிக்ஸ் அமைப்பு.
- ஒருமுறை இறக்கினால் நெட் இல்லாமலும் விளையாடும் வசதி.
- இந்தி போலவே தமிழிலும் குரல்.

முதல் பாகம் போனுக்கு வந்தது ஒரு நல்ல முன்னுதாரணம். ஆனால் அது நெட்ஃபிளிக்ஸ் சந்தா உள்ளவர்களுக்கு. சந்தா இல்லாதவர்களுக்கும் ஒரு வாசல் வேண்டும்.

கேட்டது எல்லாம் நடக்குமா?

நேர்மையாகச் சொன்னால், எல்லாம் நடக்காது. பெரிய நிறுவனங்களின் பார்க்கூர் கேம்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களாலேயே முதல் நாளில் சரியாகக் கொடுக்க முடிவதில்லை. 2022-ல் வந்த 'டையிங் லைட் 2'-ல் தாவல் மிதப்பது மாதிரி இருக்கிறது என்று ரசிகர்கள் சொன்னார்கள். அடுத்தடுத்த அப்டேட்களில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

வீட்டை விற்று முதல் கேமை முடித்த குழுவிடம் ஏழு கோரிக்கையையும் நீட்டினால் எதையாவது விட்டுத்தான் எதையாவது செய்வார்கள். அப்படி ஒரு தேர்வு வந்தால் எதை முதலில் செய்ய வேண்டும்? ரசிகர்களின் பேச்சை வரிசைப்படுத்தினால் பதில் கிடைக்கும். 'பெரிய உலகம் கொடு, நூறு மணி நேரம் கொடு' என்பது முதலில் வருவதில்லை. கதை முடியணும், அழுத்தினா தாவணும், தூரம் தெரியணும். முதல் மூன்றும் இதுதான். மூன்றுமே முதல் பாகத்தில் பாதியில் நின்றவை.

போனும் தமிழும் வரிசையில் அடுத்து வரலாம். ஆனால் ஒரு இந்திய கேமை இந்தியாவில் எத்தனை பேர் விளையாட முடியும் என்பதை முடிவு செய்யப்போவது அதுதான். உலக மேடையில் கைதட்டல் வாங்கியாச்சு. இனி ஊருக்குள் வர வேண்டும்.

சுருக்கமாக

- என்ன கேம்? புனே நாடிங் ஹெட்ஸ் கேம்ஸின் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' (2020). அடுத்த பாகம் 'ராஜி: கலியுகா'.
- என்ன சிக்கல்? முதல் பாகம் அழகு. ஆனால் சிறியது, கதை பாதியில் நிற்கிறது, கேமராவும் அசைவும் தடுமாறுகின்றன.
- மற்ற கேம்கள் தரும் பாடம்? கதையை அழித்து மறுபடி தொடங்காதே. அடிப்படை அசைவைப் பூட்டாதே. அடையாளத்தை மாற்றாதே.
- நம்ம கோரிக்கை? போன் பதிப்பு, தமிழ்க் குரல், கொஞ்சம் தெற்கு.

அதுவரைக்கும் பழவேற்காட்டுப் பசங்களுக்கு கவலை இல்லை. படகு இருக்கு, கரை இருக்கு. அவங்க ஆட்டத்துல லேக் ஆகாது, சார்ஜும் தீராது. பெரியவங்க 'டேய், வலையை மிதிக்காதீங்கடா' என்று சத்தம் போட்டால் மட்டும் ஆட்டம் கொஞ்ச நேரம் 'பாஸ்' ஆகும்.